விந்தியா தானாக வெடிக்காது

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலையில் நார் மில்லில் பூஜை. மிஷின், டிராக்டர், மட்டை உரிக்கிற கம்பி, ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்தாயிற்று. பொரி இந்த வருஷம் நமத்துப் போயிருந்தது. கடைக்காரனிடம் கேட்க வேண்டும்.

மத்தியானம் ரைபிள் கிளப்பில் பூஜை. பொள்ளாச்சியில் லைசென்ஸ் வைத்திருக்கிற தோப்புக்காரர், மில்காரர், டாக்டர் எல்லோரும் வந்திருந்தார்கள். நான் பாதுகாப்புச் செயலாளர் ஆன பிறகு இந்தப் பூஜைக்கே ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. முன்பெல்லாம் துப்பாக்கியைக் கண்டபடி அடுக்கி வைப்பார்கள். இப்போது என் உத்தரவு: தோட்டா அடுக்குகிற மேகசினைக் கழற்றி, மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, உள்ளே தோட்டா இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி திறந்து வைக்க வேண்டும். இவ்வளவு கவனம் எடுத்துக்கொள்கிற கிளப் வேறு எங்கேயும் இருக்காது.

பூசாரிக்குப் பிஸ்டலைத் தொடப் பயம். அதனால் சந்தனம், குங்குமம் வைத்தது நான்தான். தாராளமாகவே வைத்தேன். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் எனக்குப் பிடிக்காது.

சிவப்புத் துணியில் பாதிக்கு மேல் விந்தியா பிஸ்டல். நம் நாட்டுச் சரக்கு, நேர்த்தியான வேலை. அத்தனையும் என் சிபாரிசில் வாங்கியவை. தேவராஜ் மச்சான் மட்டும் அவர் அப்பா காலத்து வெள்ளைக்கார ரிவால்வர், பெர்ன்லி, அதை வெல்வெட் பையில் கொண்டு வந்தார். "என்னுதுக்குப் பொட்டு வேண்டாம் மாப்ள, பாலிஷ் போயிரும்" என்றார். சாமிக்கு முன்னாலும் பாலிஷ் பார்க்கிற மனிதர். சுலோச்சனாவின் கூடப்பிறந்த அண்ணன் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

தேங்காய் வெட்டு. பிஸ்டலில் இருந்த பொட்டைத் துணியால் துடைத்து, ஸ்லைடை மூடி, பீரோவில் வைத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வீட்டில் ஒரு சின்னச் சம்பவம்.

ஆழியாறு தோப்புக்குப் போகக் கிளம்பினேன். அந்தப் பக்கம் போனால் பிஸ்டலை எடுத்துக்கொள்வது வழக்கம். படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்து, மேகசினைச் செருகி, தோட்டா குழலுக்குள் ஏற ஸ்லைடை இழுத்து விட்டேன். விட்டதும் வெடித்தது. விரல் ட்ரிக்கரில் இல்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல வேண்டும்: விரல் ட்ரிக்கரில் இல்லை.

குண்டு படுக்கையறைக் கதவைத் துளைத்துக்கொண்டு, நேர் எதிரே சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரில் பட்டது. கிரைண்டருக்குச் சேதம். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது சட்டியின் ஓட்டை வழியாக மாவு தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. சுலோச்சனா உப்பு டப்பாவைப் பிடித்தபடி அலமாரி ஓரம் நின்றாள். "ஒண்ணுமில்ல அம்மிணி, ஒண்ணுமில்ல" என்றேன். அவள் போய்க் கிரைண்டர் சுவிட்சை அணைத்தாள். அப்புறம் தரையைத் துடைத்தாள். நல்ல தைரியசாலி.

ஸ்டேஷனுக்கு நானே போய் எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். என் மகன் வயதுதான் இருக்கும், மரியாதை தெரிந்தவர்.

"தானா வெடிச்சுதுங்களா சார்?"

"தானாத்தானுங்க. நான் தொடக்கூட இல்ல."

எழுதிக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் வந்து பார்க்கும்வரை பிஸ்டலைத் துடைக்காமல் அப்படியே பூட்டி வைக்கச் சொன்னார். வைத்துவிட்டேன்.

அக்டோபர் 8, புதன்

கதவு ஓட்டைமேல் காலண்டர் மாட்டினேன். உரக்கடை கொடுத்தது. அளவு சரியாக இருந்தது.

சுலோச்சனாவுக்கு இடது காதில் ரீங்காரம் இருக்கிறதாம். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறேன். டிபன் ஓட்டலில் இருந்து வாங்கி வந்தேன். கிரைண்டர் ரிப்பேர்காரன் சட்டியைப் பார்த்துவிட்டு, "இது எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டான். கல் தெறித்துவிட்டது என்றேன். எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

அக்டோபர் 9, வியாழன்

சுலோச்சனா தேவராஜ் மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகையில் பெயர் எழுதுகிற வேலை நிறைய இருக்கும். தலையணையையும் எடுத்துப் போயிருக்கிறாள், வேறு தலையணை வைத்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

அக்டோபர் 12, ஞாயிறு

கிளப் வாட்ஸப் குழுவைத் திறந்தால் தலை சுற்றுகிறது. யார் சொன்னார்களோ, விஷயம் போய்விட்டது.

தேவராஜ் மச்சான்தான் ஆரம்பித்தார். "நாப்பது வருசமா பெர்ன்லி வெச்சிருக்கறேன். ஒரு நாளாச்சும் அது என்னயக் கேக்காம வெடிச்சிருக்குதா? நம்மூருச் சரக்கு அவ்வளவுதான்." அதற்கு நார்ப் பாய் ஏற்றுமதி செய்கிற சிதம்பரநாதன், அவரும் விந்தியாக்காரர், "உங்க ரிவால்வர் வெடிக்கறதே அதிசயமாச்சுங்களே" என்று போட்டார். ஒருவர் அமெரிக்காவில் நடந்த கேஸ் என்று ஏதோ வீடியோ அனுப்பினார். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வெடித்தால் தானாக வெடித்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், விரல் வைத்தேன் என்று சொன்னவன் உலகத்தில் எவனும் இல்லை என்று இன்னொருவர். அவருக்கு இருபது பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. நீட்டி ஒரு பதில் எழுதினேன். எந்தத் துப்பாக்கியும் தானாக வெடிக்காது, விந்தியா நிச்சயமாக வெடிக்காது, அதன் உள் அமைப்பு இன்னின்ன என்று படத்தோடு விளக்கினேன். இரண்டு நிமிஷத்தில் மச்சான் கேட்டார்: "தானா வெடிக்காதுன்னா, அப்ப நீங்க வெடிச்சீங்களா மாப்ள?"

பதில் போடவில்லை. போனில் சார்ஜ் குறைவாக இருந்தது.

ஆனால் இங்கே எழுதலாம். துப்பாக்கி தப்பு என்றால், என் பேச்சைக் கேட்டு வாங்கிய அத்தனை பேர் இடுப்பிலும் எமனைச் சொருகி விட்டவன் ஆவேன். என் தப்பு என்றால், பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவன் வீட்டிலேயே வெடித்தது என்று ஊர் சிரிக்கும். இரண்டில் ஒன்று. மூன்றாவது ஏதாவது இருந்தாக வேண்டும். என் விரல் ட்ரிக்கரில் இல்லவே இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

கம்பெனியில் பேசினேன். தீபாவளிக்கு அப்புறம் ஆள் அனுப்புகிறார்களாம். போனில் பேசிய பெண் இந்தியில் மன்னிப்புக் கேட்டாள், நான் இங்கிலீஷில் மன்னித்தேன்.

தோப்பில் இரண்டு மரத்துக்கு வாடல். தண்ணீர் சாதத்துக்கு ஊறுகாய் எங்கே என்று சுலோச்சனாவிடம் போனில் கேட்டேன். "ஃபிரிட்ஜ் மேல" என்றாள். காது எப்படி என்று கேட்டேன். "இருக்குதுங்" என்றாள்.

அக்டோபர் 16, வியாழன்

பல் டாக்டர் மரகதவல்லி மில்லுக்கே வந்துவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் வால்பாறை கிளினிக்குக்குத் தனியாகக் காரோட்டிப் போகிறவர். போன வருஷம் என்னிடம் யோசனை கேட்டுத்தான் விந்தியா வாங்கினார்.

"சார், நான் சுத்தி வளைக்கல. நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன். கைப்பையில வெச்சுட்டுப் போறேன், பக்கத்து சீட்ல சில நாள் என் பொண்ணு உட்கார்ந்திருப்பா. துப்பாக்கி மேல தப்பா, உங்க மேல தப்பா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"பயப்படாதீங்கம்மா. விந்தியாவுக்கு நான் கேரண்டி."

"அப்ப உங்க மேல தப்புங்களா?"

காபி வரவழைத்தேன். குடிக்காமல் போய்விட்டார். நல்ல காபி, வீணாகப் போயிற்று.

சாயங்காலம் கிளப் நோட்டீஸ் வந்தது. 26-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு, குடும்பத்தோடு டிபன் உண்டு. பேச வேண்டியது: விந்தியா வைத்திருப்பவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கலாமா, பாதுகாப்புச் செயலாளர் பதவியில் யார் இருப்பது. கீழே தேவராஜ் மச்சான் கையெழுத்து, கிளப் தலைவர் என்ற முறையில். வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

வெடி வாங்கவில்லை. மச்சான் வீட்டுக்குப் போய்ச் சுலோச்சனாவுக்குப் புடவை கொடுத்துவிட்டு வந்தேன். தெருவில் யாரோ ஒரு லட்சுமி வெடி போட்டதும் அவள் கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்தது. மச்சான் எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தினார். எனக்கு அங்கே அதற்கு மேல் உட்காரப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

கம்பெனி ஆள் அடுத்த மாதம்தான் வருவானாம். இனி எவனுக்காகவும் காத்திருக்க முடியாது என்று இன்ஸ்பெக்டரிடம் போனில் சொல்லிவிட்டு, மில் ஆபீசில் மேஜைமேல் செய்தித்தாள் விரித்துப் பிஸ்டலைப் பிரித்தேன். ஸ்லைடை மூக்கருகே கொண்டுபோனபோது சந்தன வாசனை. துப்பாக்கி எண்ணெய்க்கும் சந்தனத்துக்கும் என்ன சம்பந்தம்?

தோட்டாவின் பின்பக்கத்தைத் தட்டி வெடிக்க வைப்பது ஓர் ஊசி. அது ஒரு சின்ன ஓட்டைக்குள் இருக்கும், ட்ரிக்கரை இழுத்தால் மட்டும் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். என் பிஸ்டலில் அது உள்ளே போகவில்லை. வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. குச்சியால் சுரண்டினேன். சிமெண்ட் மாதிரி காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக விழுந்தது.

பூஜையில் ஸ்லைடு திறந்திருந்தது. நான் வைத்த பொட்டு உள்ளே வழிந்து ஓட்டைக்குள் இறங்கிக் காய்ந்திருக்கிறது. ஊசி மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஸ்லைடை விட்ட வேகத்தில் நேராகத் தோட்டாவில் போய் இடித்திருக்கிறது. விந்தியா தப்பில்லை. என் விரலும் தப்பில்லை. இரண்டு வாரம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. எழுந்து நின்று தனியாகச் சிரித்தேன்.

அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. அன்றைக்குத் துணியில் இருந்தது என் பிஸ்டல் மட்டுமில்லை. எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொன்னது நான், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நான்.

முதலில் டாக்டருக்குத்தான் போட்டேன். வால்பாறை மலையில் இருந்தார், லைன் இரண்டு முறை அறுந்தது.

"அம்மா, பிஸ்டல் எங்க இருக்குது?"

"பைலதான் சார்."

"பூஜைக்கு அப்புறம் ஸ்லைடை இழுத்தீங்களா?"

"இல்ல. மேகசின் மட்டும் உள்ள இருக்கு. நேத்து ராத்திரி ரோட்ல மரம் விழுந்து கிடந்துச்சு, ஆளுங்க நின்னாங்க, இழுக்கலாம்னு எடுத்தேன். அதுக்குள்ள பஸ் வந்துருச்சு."

"பக்கத்து சீட்ல?"

"பாப்பா இருந்தா சார்."

மேகசினைக் கழற்றச் சொல்லி, கழற்றியாயிற்று என்று அவர் சொல்லும்வரை போனை வைக்கவில்லை. பிறகு வரிசையாக ஒவ்வொருவருக்கும் போட்டேன். வாட்ஸப்பிலும் எழுதினேன்: யாரும் விந்தியாவில் தோட்டா போட வேண்டாம், கிளப்புக்குக் கொண்டு வாருங்கள், நானே பிரித்துப் பார்க்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

இரண்டு நாளாகக் கிளப்பில்தான் இருக்கிறேன். வந்தவற்றில் நான்கில் சந்தனம். டாக்டருடையதும் அதில் ஒன்று. ஊசி வெளியே நின்றதை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். போகும்போது "நல்லவேளை சார், கூப்பிட்டீங்க" என்றார். சிதம்பரநாதன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். மச்சானுடைய பெர்ன்லியில் ஒன்றுமில்லை. அதற்குத்தான் பாலிஷ் போய்விடுமே.

ஞாயிற்றுக்கிழமை என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் தயார் செய்துவிட்டேன். பிராண்டைக் குறை சொன்னவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

பொதுக்குழு. ஹால் நிறைந்திருந்தது. சுலோச்சனாவும் வந்திருந்தாள், மச்சான் வீட்டம்மா பக்கத்தில், பெண்கள் வரிசையில். தீபாவளிக்கு நான் கொடுத்த புடவை இல்லை.

நன்றாகப் பேசினேன். ஸ்லைடைப் பிரித்துக் காட்டி, காய்ந்த சந்தனத்தை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து எல்லோருக்கும் அனுப்பினேன். திறந்து வைக்கச் சொன்னது என் உத்தரவுதான் என்பதையும் ஒளிக்கவில்லை. பாதுகாப்புக்காகச் செய்தது இப்படி ஆகும் என்று யார் கண்டது? இனி பூஜையில் கைத்துப்பாக்கிக்குப் பொட்டு கிடையாது, உறைக்குத்தான் பொட்டு என்று ஒரு தீர்மானமும் முன்வைத்தேன். கை தட்டினார்கள். தேவராஜ் மச்சான் தட்டை மோந்து பார்த்தார்.

"விந்தியா மேல தப்பில்ல. ஒத்துக்கறேன் மாப்ள. செயலாளரும் நீங்களே இருங்க."

இதைவிட என்ன வேண்டும்? மைக்கை வைக்கப் போனேன். அப்போது சுலோச்சனா எழுந்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவள் நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை.

"சித்தெ ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு கண்ணு" என்றார் மச்சான்.

அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "சந்தனந்தான் வெடிக்க வெச்சுது. சரிங். எந்தப் பக்கம் பாத்து வெடிக்கோணும்னும் சந்தனந்தான் சொல்லுச்சுங்களா?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் பாதுகாப்பு விதிகள் மாட்டியிருக்கிறது. நானே எழுதி, நானே கண்ணாடி போட்டது. முதல் விதி: குழல் எப்போதும் ஆள் இல்லாத பக்கமே பார்க்க வேண்டும். ஹாலில் எல்லோர் கண்ணும் என்னைத் தாண்டி அங்கே போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே.

"மாவு தள்ளிட்டு இருந்தேனுங். உப்பு மறந்துட்டேன். டப்பாவ எடுக்க அக்கட்ட, அலமாரிப் பக்கம் திரும்புனேன். கிரைண்டர்ல ஓட்டை எங்க இருக்குதுன்னு இவிய பாத்தாங்க. நான் எங்க நின்னுட்டு இருந்தேன்னு இன்னைக்கு வரைக்கும் கேக்கலீங்."

உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

அந்தப் படுக்கையறையில் தெருப்பக்கம் ஜன்னல் இருக்கிறது, தோட்டத்துச் சுவர் இருக்கிறது, கட்டிலில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பி உட்கார்ந்திருக்கலாம். தினமும் உட்கார்கிற பக்கமே உட்கார்ந்தேன். தினமும் அந்தப் பக்கத்தில்தான் அவள் நிற்கிறாள்.

"நான்தானுங்க" என்றேன் மைக்கில். "அந்தப் பக்கம் திருப்புனது நான்தான். செயலாளர் வேற ஆளப் போட்டுக்குங்க."

கீழே வந்து உட்கார்ந்தேன். யாரும் கை தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெர்ன்லி, விந்தியா எதுவும் பேசவில்லை. "காபி குடிங்க மாப்ள, ஆறுது" என்றார்.

அக்டோபர் 28, செவ்வாய்

பிஸ்டலைக் கிளப் இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டேன். வேண்டும்போது அங்கேயே சுட்டுக்கொள்ளலாம். தோட்டா போடும்போது குழலை நீட்ட ஒரு டிரம் நிறைய மணலும் கொட்டி வைத்தேன்.

புதுக் கிரைண்டர் வாங்கினேன். பழையதை எடைக்குப் போடவில்லை. மச்சான் வீட்டுக்குப் போய்ச் சுலோச்சனா எதிரே நின்று, "நீ எங்க நின்னுட்டு இருந்தே அம்மிணி?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் கேக்கோணும்னு தோணுச்சுங்களா?" என்றாள். அப்புறம் சொன்னாள், ஒன்று விடாமல். கடைசிவரை நின்றுகொண்டே கேட்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

சுலோச்சனா தலையணையோடு வந்துவிட்டாள். காதில் சத்தம் இன்னும் முழுசாகப் போகவில்லையாம். திங்கட்கிழமை கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன்.

சாயங்காலம் அரிசி ஊற வைத்திருந்தாள். கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டதும் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கட்டிலில் அதே இடத்தில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்து, காலண்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

அவள் கை தெரிந்தது. வளையலோடு மாவைத் தள்ளிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை, அவள் கை மட்டும்தான். அவள் கொஞ்சம் நகர்ந்தாள். அப்போது வயிறு தெரிந்தது.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. கிரைண்டர் நின்றுவிட்டது. வெளியே வந்து, "நாளைக்கு ஆசாரியை வரச் சொல்லிக் கதவை மாத்திரலாமா?" என்று கேட்டேன்.

அவள் மாவை வழித்துக்கொண்டே சொன்னாள்: "இருக்கட்டுங்."